புதியவருக்கு ஒரு நிரல் ரிவ்யூ வழிகாட்டி: பெயர்களில் இருந்து தொடங்குங்கள்

திறந்த மூலத் திட்டம் ஒன்றில் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் "நான் எதை எழுதலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பல திட்டங்களில் எழுதுவதற்கு ஆள் கிடைக்கிறார்கள், எழுதியதைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. புல் ரிக்வெஸ்ட்கள் (ஒருவர் செய்த மாற்றத்தைத் திட்டத்தில் இணைத்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கைகள்) வாரக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். மெயின்டெய்னர், அதாவது திட்டத்தைப் பராமரிப்பவர், தன் வேலை முடிந்து வந்து, கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவராக இருப்பார். அவருக்கு முன்பே ஒருவர் அந்த மாற்றத்தைப் படித்து, ஓட்டிப் பார்த்து, கண்டதை எழுதி வைத்திருந்தால் அது பெரிய உதவி.

பொதுவில் இருக்கும் திட்டம் என்றால், பெரும்பாலும் ரிவ்யூ செய்ய அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. மாற்றத்தை இணைக்கும் உரிமை உங்களிடம் இருக்காது. படிப்பதும் சோதிப்பதும் கேள்வி கேட்பதும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

"இந்த நிரலே எனக்கு முழுசாகப் புரியவில்லையே, நான் போய் என்ன சொல்வது?" என்ற தயக்கம் வரும். பெயர்களில் இருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். பல வருடங்களாகத் திட்டத்துக்குள் இருப்பவருக்கு எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பது மனப்பாடம். பெயர் தவறாக இருந்தாலும் அவர் கண் சரியான பொருளையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் அந்த இடத்தில் தடுக்கி நிற்பீர்கள். அந்தத் தடுமாற்றம் மெயின்டெய்னருக்குத் தானாகக் கிடைக்காத தகவல். அதை வெட்கப்படாமல் எழுதுவதற்குப் பழகினாலே நீங்கள் பயனுள்ள ரிவ்யூவர் ஆகிவிடுவீர்கள்.

படி 1: திட்டத்தின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரெப்போவின் (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) மேல்மட்டத்தில் பெரும்பாலும் ‘கான்ட்ரிபியூட்டிங்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். அப்புறம் லின்டர் (நிரலில் குறை தேடும் கருவி), ஃபார்மேட்டர் (நிரலின் வடிவத்தைச் சீராக்கும் கருவி) ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பைத்தான் திட்டம் என்றால் ரஃப் அல்லது பிளாக், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் ஈஎஸ்லின்ட், பிரெட்டியர், சி மொழி என்றால் கிளாங்-ஃபார்மேட் என்று ஏதாவது ஒன்று இருக்கலாம். இருந்தால் இடைவெளி, வரி நீளம், மேற்கோள் குறி பற்றி நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். அதைக் கருவி பார்த்துக்கொள்ளும். எந்தப் பெயர் பொருத்தம் என்பதைத்தான் எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

மொழிக்கு மொழி பெயரிடும் மரபு வேறு. பைத்தானுக்கு 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற நடை வழிகாட்டி ஆவணம் இருக்கிறது. ஃபங்ஷன், வேரியபிள் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வர வேண்டும். கிளாஸ் பெயரில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. மாறாத மதிப்புகளுக்கு முழுக்கப் பெரிய எழுத்து. பெயருக்கு முன்னால் ஒற்றை அடிக்கோடு இருந்தால் "இது உள் உபயோகத்துக்கு, வெளியிலிருந்து தொடாதீர்கள்" என்று பொருள். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அடிக்கோடு இல்லாமல், இரண்டாம் சொல்லில் இருந்து முதலெழுத்தைப் பெரிதாக்கும் கேமல் கேஸ் வழக்கம். ரஸ்ட்டில் மரபை மீறினால் கம்பைலரே எச்சரிக்கும்.

கோ மொழியில் மட்டும் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே முதலெழுத்து பெரிதா சிறிதா என்பது நடை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர் பேக்கேஜுக்கு வெளியே தெரியும், சிறிய எழுத்தில் தொடங்குவது தெரியாது. டிஃபில் (பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது) ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது போலத் தோன்றும் இடத்தில், இதுவரை உள்ளே இருந்த ஒரு ஃபங்ஷன் உலகத்துக்கே திறந்து விடப்பட்டிருக்கலாம். அந்த இடத்தில் நின்று "இதை வெளியே காட்டுவது வேண்டுமென்றே செய்ததா?" என்று கேளுங்கள்.

மொழியின் மரபைவிடத் திட்டத்தின் வழக்கமே பெரியது. இரண்டும் மோதினால் திட்டத்தின் வழிகாட்டிக்கே முன்னுரிமை என்று பெப் 8 ஆவணமே சொல்கிறது. பைத்தானின் சொந்த நூலகத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. டெஸ்ட் எழுத உதவும் ‘யூனிட்டெஸ்ட்’ பகுதி ஜாவாவின் ஜேயூனிட்டைப் பின்பற்றி வந்தது, அதனால் அங்கே கேமல் கேஸ்தான். பெப் 8 படித்த உற்சாகத்தில் "இதை அடிக்கோடு போட்டு மாற்றுங்கள்" என்று அங்கே போய் எழுதினால், பழைய டெஸ்ட்கள் எல்லாம் நின்றுபோகும் ஒரு யோசனையைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

எழுதி வைத்த விதி இல்லாத திட்டங்களும் நிறைய. அங்கே, மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் கிட் கருவியில் இருக்கும் ‘கிட் கிரெப்’ என்ற தேடல் கட்டளைதான் உங்கள் துணை. ஒருவர் புதிய ஃபங்ஷனுக்கு ‘ஃபெட்ச்’ என்று தொடங்கும் பெயரை வைத்திருக்கிறார், அது சரியா என்று சந்தேகம் என்றால், ரெப்போ முழுக்க ‘ஃபெட்ச்’ எத்தனை இடத்தில் இருக்கிறது, ‘லோட்’ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஐம்பது இடத்தில் ‘லோட்’ இருந்து இது ஒன்றுதான் ‘ஃபெட்ச்’ என்றால், உங்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. இரண்டும் கலந்தே இருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 2: சின்ன மாற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

சிஸ்கோ குழு ஒன்றில் நடந்த ஆய்வை வைத்து ஸ்மார்ட்பேர் நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை ஒன்று பரவலாகச் சொல்லப்படும்: ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரிகளுக்கு மேல் ரிவ்யூ செய்யாதீர்கள், அதற்கு மேல் போனால் பிழைகள் கண்ணில் படுவது குறைகிறது. புதியவருக்கு இன்னும் குறைவாகவே சொல்வேன். ஐம்பது, நூறு வரிக்குள் இருக்கும் மாற்றமாகப் பாருங்கள். அதோடு ஒரு இஷ்யூ (பிரச்சினையைப் பதிவு செய்த குறிப்பு) இணைந்திருந்தால் இன்னும் நல்லது, என்ன பிரச்சினையைத் தீர்க்கப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். நீங்கள் பயன்படுத்திப் பார்த்த வசதி சம்பந்தப்பட்டதாக இருந்தால் அதைவிட நல்லது.

படி 3: இறக்கி, ஓட்டி, அப்புறம் படியுங்கள்

உலாவியில் தெரியும் டிஃப் மட்டும் போதாது. கிட் வழக்கமாக மாறிய வரிகளுக்கு மேலும் கீழும் மும்மூன்று வரிகளைத்தான் காட்டும். அந்த மூன்று வரிக்குள் ஒரு பெயர் சரியாகத் தோன்றலாம். ஃபங்ஷன் முழுவதையும் பார்த்தால், அதே பெயர் பத்து வரிக்கு முன்னால் வேறு பொருளில் வந்திருக்கும். கிட்ஹப்பின் கட்டளைக் கருவியில் ‘ஜிஹெச் பிஆர் செக்அவுட்’ என்று எழுதி, புல் ரிக்வெஸ்டின் எண்ணைக் கொடுத்தால் அந்த மாற்றம் இருக்கும் பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) உங்கள் கணினிக்கு வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இது முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரல். பில்ட் செய்யும்போதும் டெஸ்ட் ஓட்டும்போதும் அது உங்கள் கணினியில் உங்கள் உரிமையோடு ஓடுகிறது. கணினியின் மற்ற பகுதிகளில் இருந்து பிரித்து வைக்கும் கன்டெய்னருக்குள்ளோ விர்ச்சுவல் மெஷினுக்குள்ளோ வைத்து ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் பில்ட் ஸ்கிரிப்ட் மாறியிருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள்.

படிக்கும் வரிசை எனக்குப் பிடித்தது இது: முதலில் விளக்கம், பிறகு டெஸ்ட், கடைசியில் நிரல். டெஸ்ட்டை முதலில் படித்தால், எழுதியவர் என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தார் என்பது தெரியும். டெஸ்ட் ஃபங்ஷனின் பெயரே பல நேரம் விளக்கத்தைவிடத் தெளிவாக இருக்கும். அது ‘டெஸ்ட்_1’, ‘டெஸ்ட்_2’ என்று இருந்தால், உங்கள் முதல் கருத்து அங்கேயே கிடைத்துவிட்டது.

டிஃப் குழப்பமாக இருந்தால் சில வழிகள் உண்டு. வெறும் இடைவெளி மாற்றங்களை மறைக்க ‘கிட் டிஃப்’ கட்டளையோடு ‘-டபிள்யூ’ சேருங்கள். ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு அப்படியே நகர்த்திய வரிகளைத் தனி நிறத்தில் காட்ட ‘கலர்-மூவ்டு’ என்ற தெரிவு 2017இல் இருந்து இருக்கிறது. கோப்பின் பெயர் மாறியிருந்தால் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். கிட் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதில்லை, உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ஊகிக்கிறது. பழையதும் புதியதும் பாதியளவாவது ஒத்திருந்தால்தான் அதைப் பெயர் மாற்றமாகக் காட்டும். பெயரையும் மாற்றி உள்ளே எழுதியதையும் ஒரே கமிட்டில் (ஒரு தடவையில் பதிவு செய்யும் மாற்றத் தொகுப்பு) பெருமளவு மாற்றினால், ஒரு கோப்பு அழிந்து இன்னொன்று முளைத்தது போலத்தான் தெரியும். அப்படி ஒன்று வந்தால் "முதலில் பெயரை மட்டும் மாற்றி ஒரு கமிட், மற்றதை அடுத்த கமிட்டில் தர முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். மிக நியாயமான கோரிக்கை அது.

படி 4: பெயர்களைப் படியுங்கள்

இங்கே நிதானமாக நில்லுங்கள். ஒவ்வொரு புதிய பெயரிலும் நின்று, கீழே இருக்கும் நிரலைப் பார்க்காமல், "இந்தப் பெயரை மட்டும் வைத்து இதற்குள் என்ன இருக்கும் என்று நினைக்கிறேன்?" என்று உங்களையே கேளுங்கள். அப்புறம் நிரலைப் படியுங்கள். நினைத்ததும் இருப்பதும் வேறாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்வோம். இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்த பிழை அது. எதிர்முனை ஒரு சிறிய செய்தியை அனுப்பி, "இதன் நீளம் இவ்வளவு" என்று சொல்லும், சர்வர் அதே செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். சொல்லப்பட்ட நீளமும் உண்மையான நீளமும் ஒன்றுதானா என்று நிரல் சரிபார்க்கவில்லை. விளைவு, நீளத்தைப் பொய்யாகச் சொல்லி, சர்வரின் நினைவகத்தில் இருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது. அந்த நிரலில் நீளத்தை வைத்திருந்த வேரியபிளின் பெயர் ‘பேலோடு’. செய்தி இருக்கும் இடத்தைச் சுட்டிய வேரியபிளின் பெயர் ‘பிஎல்’. செய்தி என்று பெயர் வைத்ததற்குள் நீளம் இருந்தது, செய்திக்கு இரண்டு எழுத்துச் சுருக்கம். நினைவகத்தை நகலெடுக்கும் வரியில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பெயர் சரியாக இருந்திருந்தால் பிழையே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். விட்டுப்போனது ஒரு சரிபார்ப்பு. ஆனால் அந்த வேரியபிளுக்கு ‘எதிர்முனை சொன்ன நீளம்’ என்ற பொருளில் ஒரு பெயர் இருந்திருந்தால், நகலெடுக்கும் வரியைப் படிக்கும் எவருக்கும் "சொன்ன நீளத்தையா நம்புகிறோம்?" என்ற கேள்வி எழும்ப வாய்ப்பு அதிகம். அந்த மாற்றம் 2011 கடைசியில் உள்ளே போய், இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொதுவில் எல்லோர் கண்முன்னும் இருந்தது.

இந்த உதாரணத்தில் இருந்தே முதல் கேள்வி வருகிறது: பெயர் சொல்லும் பொருள்தான் உள்ளே இருக்கிறதா? நீளத்தை உள்ளடக்கமாகவும், எண்ணிக்கையைப் பட்டியலாகவும், அடையாள எண்ணைப் பொருளாகவும் பெயரிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். ‘யூசர்’ என்ற வேரியபிளில் பயனரின் எண் மட்டும் இருந்தால் அது ‘யூசர்_ஐடி’ என்று இருக்கட்டும்.

அடுத்தது அலகு. ‘டைம்அவுட்’ என்று ஒரு பெயர், மதிப்பு 30. விநாடியா, மில்லிவிநாடியா? பைத்தானின் ‘ஸ்லீப்’ விநாடியில் வாங்குகிறது, ஜாவாவின் ‘ஸ்லீப்’ மில்லிவிநாடியில் வாங்குகிறது. இரண்டு மொழியிலும் வேலை செய்பவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் போட்டுவிடலாம். பெயரின் கடைசியில் அலகு இருந்தால் ஊகமே தேவையில்லை. கண்காணிப்பு மென்பொருளான புரோமீதியஸ் இதை மரபாகவே வைத்திருக்கிறது: அளவீட்டுப் பெயரின் முடிவில் விநாடி, பைட் என்று அடிப்படை அலகு வர வேண்டும். புதிய வேரியபிளில் காலமோ அளவோ தூரமோ இருந்தால் அலகைக் கேட்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே நீங்கள் உண்மையான பிழைகளைப் பிடிப்பீர்கள்.

ஆம்-இல்லை வகை வேரியபிள்களில் எதிர்மறைப் பெயர் வந்தால் கவனியுங்கள். ‘டிசேபிள்_கேஷ்’ என்பது பொய் என்றால் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) இயங்குகிறது. அதற்கு முன்னால் ஒரு ‘நாட்’ சேர்ந்து, நிபந்தனைக்குள் ‘ஆர்’ ஒன்றும் வந்துவிட்டால் படிப்பவர் விரல் விட்டு எண்ண வேண்டியதாகிவிடும். ‘கேஷ்_எனேபிள்டு’ என்று நேராக வைக்கச் சொல்லுங்கள்.

ஃபங்ஷன் பெயரில் இருக்கும் வினைச்சொல் ஒரு வாக்குறுதி. ‘கெட்’ என்று தொடங்கினால் கையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும் சின்ன வேலை என்றுதான் படிப்பவர் நினைப்பார். உள்ளே போய்ப் பார்த்தால் நெட்வொர்க் அழைப்பு, டேட்டாபேஸில் எழுதுவது என்று நடந்தால் அந்த வாக்குறுதி பொய். ‘செக்’ என்ற சொல் இன்னும் மோசம். சரிபார்த்துவிட்டு உண்மை-பொய் தருமா, பிழை எறியுமா, தானே திருத்திவிடுமா? பெயரில் தெரியாது. ரஸ்ட்டின் வழிகாட்டுதல்கள் இதில் அருமையானவை. ஒரு வகையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஃபங்ஷன் ‘ஆஸ்’ என்று தொடங்கினால் செலவில்லாத பார்வை, ‘டு’ என்றால் செலவு உண்டு, ‘இன்டு’ என்றால் பழைய பொருளையே எடுத்து விழுங்கிவிடும். பெயரைப் பார்த்தே செலவைச் சொல்லலாம். நீங்கள் ரிவ்யூ செய்வது வேறு மொழி என்றாலும், "இந்த வினைச்சொல் எவ்வளவு செலவைச் சொல்கிறது?" என்ற கேள்வியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயரின் நீளம் பற்றிப் பலர் சண்டை போடுவார்கள். லினக்ஸ் கர்னலின் நடை வழிகாட்டி இதில் நல்ல அளவுகோல் தருகிறது. எங்கிருந்தும் தெரியும் குளோபல் ஃபங்ஷன் என்றால் ‘கவுன்ட்_ஆக்டிவ்_யூசர்ஸ்’ போல முழுப் பெயர் வேண்டும், ‘சிஎன்டியூஎஸ்ஆர்’ என்று சுருக்கக் கூடாது. சின்ன லூப்புக்குள் மட்டும் வாழும் எண்ணுக்கு ‘ஐ’ போதும். எவ்வளவு தூரத்தில் இருந்து தெரிகிறதோ, அவ்வளவுக்கு விளக்கம். மூன்று வரி லூப்பில் இருக்கும் ‘ஐ’யைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசியாக, ஒரு பொருளுக்கு ஒரு சொல்தானா என்று பாருங்கள். பழைய நிரல் ‘அக்கவுண்ட்’ என்று சொல்வதைப் புதிய கோப்பு ‘மெம்பர்’ என்றால், ஆறு மாதம் கழித்து வருபவர் இரண்டும் வேறு வேறு என்று நினைப்பார். இதைப் புதியவரான நீங்கள்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள், ஏனென்றால் நீங்களே அப்படி நினைத்துத்தான் குழம்பியிருப்பீர்கள்.

படி 5: பெயர் வெளியே போகிறதா என்று பாருங்கள்

உள்ளே இருக்கும் வேரியபிளின் பெயரை நாளைக்கே மாற்றலாம். மற்றவர்கள் தங்கள் நிரலில் எழுதப் போகும் பெயர் அப்படி இல்லை. மற்ற நிரல்கள் அழைக்கும் பொது ஏபிஐ, கட்டளை வரித் தெரிவு, அமைப்புக் கோப்பின் சாவிச்சொல், டேட்டாபேஸ் நெடுவரிசை எல்லாம் இந்த வகை. உங்கள் சக்தியில் பெரும்பங்கை இங்கே செலவழியுங்கள்.

உலாவியும் இணையதளமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில், எந்தப் பக்கத்தில் இருந்து வந்தோம் என்று சொல்லும் தலைப்பு ‘ரெஃபரர்’. ஆங்கிலத்தில் அதன் நடுவில் இரண்டு ‘ஆர்’ வர வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. அந்த எழுத்துப்பிழை 1996இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே ஏறிவிட்டது, இன்றுவரை ஒவ்வொரு உலாவியும் பிழையோடுதான் அனுப்புகிறது. பின்னால் வந்த ‘ரெஃபரர்-பாலிசி’ தலைப்பில் எழுத்துகள் சரியாக இருக்கின்றன. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது நிரலாளர்களின் பாடு.

பைத்தானின் ‘த்ரெடிங்’ பகுதியில் முதலில் கேமல் கேஸ் பெயர்கள் இருந்தன. 2008இல் 2.6 பதிப்பில் அடிக்கோடு வைத்த புதிய பெயர்கள் சேர்ந்தன. பழைய பெயர்களில் பலவற்றைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை வரும் என்ற நிலை 2021இல் வந்த 3.10 பதிப்பில்தான். பதின்மூன்று வருடம், அதுவும் அகற்றுவதற்கு அல்ல, எச்சரிப்பதற்கு.

பெயர் வெளியே ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்பதும் முக்கியம். ஜாவாஸ்கிரிப்டில் அடுக்கப்பட்ட அரேயைத் தட்டையாக்கும் வசதிக்கு முதலில் ‘ஃப்ளாட்டன்’ என்றுதான் பெயர். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரில் தன் சொந்த ஃபங்ஷனைச் சேர்த்து வைத்திருந்தது. 2018இல் ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்தபோது அந்த நூலகத்தை நம்பியிருந்த தளம் உடைந்தது, பெயர் ‘ஃப்ளாட்’ ஆனது. உங்கள் திட்டம் சின்னதாக இருந்தாலும் கேள்வி இதேதான்: இந்தப் பெயர் நாளைக்குத் தவறு என்று தெரிந்தால், மாற்ற என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?

படி 6: பெயரில் மாறியது நடத்தையிலும் மாறியதா?

"பெயர் மாற்றம் மட்டும்தான்" என்று விளக்கம் சொல்லும் மாற்றங்களைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். 2021இல், சுருக்கிய கோப்புகளைக் கையாளும் லிப்ஆர்க்கைவ் திட்டத்துக்கு ஒரு சின்னப் புல் ரிக்வெஸ்ட் வந்தது. பிழைச் செய்தியில் விவரம் சேர்ப்பதாக விளக்கம். கூடவே ‘சேஃப்_எஃப்பிரிண்ட்எஃப்’ என்று இருந்த இடத்தில் வெறும் ‘எஃப்பிரிண்ட்எஃப்’ வந்திருந்தது. அது இணைக்கப்பட்டது. ‘சேஃப்’ என்ற முன்னொட்டு ஏன் போனது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் பின்னால் இருந்ததும் லிப்ஆர்க்கைவ் மாற்றத்தை அனுப்பிய அதே பயனர் கணக்கு என்று தெரிந்து, அந்த மாற்றத்தைத் திருப்பி எடுத்தார்கள். எக்ஸ்இசட் திட்டத்தின் பில்ட் கோப்பில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி சேர்க்கப்பட்டு, அதனால் ஒரு பாதுகாப்பு வசதி எப்போதும் அணைந்தே இருக்கும்படி செய்யப்பட்டிருந்ததும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. பங்களிப்பவர்களில் பெரும்பாலானோர் நல்ல எண்ணத்தோடு வருபவர்கள். நல்ல எண்ணத்தோடு வருபவரிடமும் "இந்த முன்னொட்டு எதற்காக நீக்கப்பட்டது?" என்று கேட்கலாம், அவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். ‘சேஃப்’, ‘செக்டு’, ‘லாக்டு’, ‘எஸ்கேப்டு’ போன்ற சொற்கள் ஒரு பெயரில் இருந்து மறையும்போதும் புதிதாக முளைக்கும்போதும் அந்த ஃபங்ஷனைத் திறந்து படியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசமும் உண்டு. லத்தீன் ‘ஏ’ எழுத்தும் சிரிலிக் எழுத்து ஒன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரே பெயர் என்று நினைத்தது இரண்டு பெயராக இருக்கலாம். சந்தேகம் வந்தால் பெயரை நகலெடுத்து ‘கிட் கிரெப்’ செய்து பாருங்கள், எண்ணிக்கை பொருந்தாவிட்டால் தெரிந்துவிடும்.

படி 7: கருத்தை எழுதுங்கள்

"இந்தப் பெயர் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் எழுதியவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. நான் பரிந்துரைக்கும் வடிவம் இது: நான் என்ன நினைத்தேன், உண்மையில் என்ன இருக்கிறது, என்ன பெயர் பொருந்தும். உதாரணமாக, "‘ரிசல்ட்’ என்றதும் தேடலின் விடை என்று நினைத்தேன். 48ஆவது வரியில் பார்த்தால் இது தோல்வியடைந்த கோப்புகளின் பட்டியல். ‘ஃபெயில்டு_ஃபைல்ஸ்’ என்று வைக்கலாமா? பக்கத்து மாட்யூலிலும் அப்படித்தான் இருக்கிறது." இதில் குற்றச்சாட்டே இல்லை. படித்தவரின் அனுபவமும் ஒரு யோசனையும் ஒரு காரணமும் இருக்கின்றன.

கருத்து நிரலைப் பற்றியதாக இருக்கட்டும், ஆளைப் பற்றியதாக வேண்டாம். "நீங்கள் ஏன் இப்படிக் குழப்புகிறீர்கள்" என்பதற்கும் "இந்த வரியில் எனக்குக் குழப்பம் வந்தது" என்பதற்கும் தூரம் அதிகம். எழுத்தில் குரல் கேட்காது. மறுமுனையில் இருப்பவர் முதல் தடவையாகப் பங்களிப்பவராகவும் இருக்கலாம். ஒரு கடுமையான வரியால் திட்டத்தை விட்டே போனவர்கள் இருக்கிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

எது கட்டாயம், எது விருப்பம் என்பதைச் சொல்லிவிடுங்கள். சின்ன விஷயத்துக்கு முன்னால் ‘நிட்’ என்று போடுவது பரவலான வழக்கம். செய்தாலும் சரி, விட்டாலும் சரி என்று பொருள். பொது ஏபிஐயில் தவறான பெயர், அலகு தெரியாத கால அளவு போன்றவற்றுக்கு ‘நிட்’ போடாதீர்கள். அவை இணைப்பதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டியவை.

கூகுள் 2019இல் பொதுவில் வெளியிட்ட ரிவ்யூ வழிகாட்டியில் ஒரு கொள்கை இருக்கிறது: மாற்றம் குறையே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை, நிரலின் மொத்த ஆரோக்கியத்தை நிச்சயமாக மேம்படுத்துகிறது என்றால் ஒப்புதல் கொடுக்கலாம். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். எல்லாப் பெயரும் உங்களுக்குப் பிடித்த மாதிரி ஆகும் வரை ஒருவரை இழுத்தடிப்பது ரிவ்யூ ஆகாது. ஒரு பெயரைப் பற்றி இரண்டு சுற்றுப் பேசியும் ஒத்துவரவில்லை என்றால், இரண்டு தரப்புக் காரணத்தையும் ஒரு பத்தியில் எழுதி மெயின்டெய்னர் முடிவுக்கு விடுங்கள். அவர் எதிர்ப்பக்கம் முடிவெடுத்தாலும் சரி.

நன்றாக இருக்கும் பெயரையும் சொல்லுங்கள். "இந்தப் பெயரால் கீழே இருக்கும் நிபந்தனை உடனே புரிந்தது" என்ற ஒரு வரி, அடுத்த தடவையும் அவர் அப்படியே யோசிக்க வைக்கும்.

ஒப்புதல் கொடுக்கும்போது என்ன பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். "பெயர்களையும் டெஸ்ட்டையும் படித்தேன், என் கணினியில் ஓடியது, லாக்கிங் தர்க்கத்தைச் சரிபார்க்கவில்லை" என்பது, வெறும் ‘எல்ஜிடிஎம்’ (‘எனக்கு நன்றாகத் தெரிகிறது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுதுவதைவிடப் பல மடங்கு பயன் தரும். லினக்ஸ் கர்னலில் இந்த வித்தியாசத்துக்குத் தனித்தனிக் குறிகளே உண்டு. ‘டெஸ்டட்-பை’ என்றால் ஓட்டிப் பார்த்தேன், ‘ரிவ்யூடு-பை’ என்றால் நிரலைத் தொழில்நுட்ப ரீதியாகப் படித்துத் திருப்தி அடைந்தேன். படிக்காமல் இரண்டாவதைப் போடக் கூடாது.

படி 8: திருத்தி வந்ததை மறுபடி பாருங்கள்

கருத்து எழுதியதோடு போய்விடாதீர்கள். எழுதியவர் திருத்தி அனுப்புவார், அதைப் பார்க்கவும் ஆள் வேண்டும். கமிட்களை மாற்றி எழுதி அனுப்பியிருந்தால் எது புதிது என்று தெரியாமல் திணறுவீர்கள். 2018இல் வந்த ‘கிட் ரேஞ்ச்-டிஃப்’ கட்டளை பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒப்பிட்டுக் காட்டும்.

பெயர் மாற்றியிருந்தால், எல்லா இடத்திலும் மாறியதா என்று தேடுங்கள். நிரலில் ஓரிடம் மாறாமல் விட்டுப்போனால் டெஸ்ட் உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆவணங்களிலும் நிரல் குறிப்புகளிலும் பிழைச் செய்திகளிலும் எடுத்துக்காட்டுக் கோப்புகளிலும் பழைய பெயர் சத்தமில்லாமல் தங்கிவிடும். பழைய பெயரை ஒரு ‘கிட் கிரெப்’ செய்தால் ஒரு நிமிட வேலை. பொதுப் பெயர் என்றால், பழையது சில பதிப்புகளுக்கு எச்சரிக்கையோடு வேலை செய்கிறதா, வெளியீட்டுக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரெப்போ முழுக்கப் பெயரை மாற்றும் பெரிய கமிட் என்றால், அது தனிக் கமிட்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் ‘கிட் பிளேம்’ பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயர் மாற்றம்தான் கண்ணில் படும், உண்மையான காரணம் அதற்கடியில் மறைந்துவிடும். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பில் இருந்து, தவிர்க்க வேண்டிய கமிட்களை ஒரு கோப்பில் பட்டியலிட்டு பிளேமிடம் கொடுக்கலாம். திட்டத்தில் அந்தக் கோப்பு இருந்தால் இந்தக் கமிட்டின் அடையாளத்தையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சில ரிவ்யூக்களுக்குப் பிறகு, ஒரே பெயர்க் கேள்வி திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பீர்கள். ‘கெட்’டா ‘லோட்’டா, அலகு கடைசியிலா முதலிலா என்று ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் புதிதாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மெயின்டெய்னர்கள் அங்கங்கே எடுத்த முடிவுகளைத் தேடித் தொகுத்து, அந்த உரையாடல்களின் இணைப்போடு ‘கான்ட்ரிபியூட்டிங்’ கோப்பில் ‘பெயரிடுதல்’ என்று ஒரு பகுதியாக எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் விருப்பங்களை அதில் சேர்க்காமல், ஏற்கெனவே முடிவானதை மட்டும் எழுதுங்கள். அந்தப் புல் ரிக்வெஸ்டையும் வேறொருவர் ரிவ்யூ செய்வார். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, விதி எங்கே தெளிவாக இல்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.